எங்கள் தெருச் செற்றியும் மகளின் அமெரிக்காவும்

எங்கள் தெருவில் செற்றி ஒன்றுதான் இருக்கிறது. மெத்தை வைத்த நீளக் கதிரை, கருஞ்சிவப்பு வெல்வெட், இரண்டு பக்கமும் கை வைக்கச் சுருள். அது அடுத்த வீட்டு மச்சாளுடையது. மச்சாள் என்றால் என் மனைவியின் அக்கா. பெயருக்குத்தான் அவருடையது. மன்னார்க் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் எங்கள் தெருவின் எந்த வீட்டுக்கு முக்கியமான ஆட்கள் வந்தாலும் அது எழுந்து அந்த வீட்டுக்குப் போய்விடும். வீடு மந்திரிக்க வந்த சாமியார், வெளிநாட்டுச் சொந்தங்கள், பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் இருந்திருக்கிறார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீட்டில் பெண் பார்த்துவிட்டு, "இஞ்ச எல்லாரும் ஒரே கடையிலயோ தளபாடம் வாங்கிறியள்?" என்று கேட்டார்களாம். ஓம் என்று சொல்லியிருக்கிறார்கள். பொய்யில்லைத்தானே.

இந்த இரவலுக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்கின பொருளை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கிளாஸ் வாங்கினால் கிளாசுக்குள் கொஞ்சம் சீனி. செற்றி வாங்கினால் செற்றியின் மேல் ஒரு சட்டி கறி. நான் நண்டுக்காரன், எங்கள் வீட்டிலிருந்து எப்போதும் நண்டுக் கறிதான் போகும். அந்த வெல்வெட்டில் ஒரு மூலை கொஞ்சம் மணக்கும். அது என்னுடைய மூலை.

இந்தச் செற்றியை நான் கடைசியாக இரவல் வாங்கியது என் மகளின் படிப்புக்காக. படிப்புக்கும் செற்றிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதுதான் கதை.

மகள் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, எங்களுக்குச் சொல்லியும் சொல்லாமலும் அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். நாடாளுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்புகிற மாதிரியான இடம். அங்கே ஒரு வருடம் படிக்க ஆகும் செலவை அவள் எனக்கு ரூபாயில் சொன்னபோது, எங்கள் தெருவை முழுதாக விற்றாலும் காணாது என்று விளங்கியது. செற்றியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அப்பா, நாங்கள் கட்டத் தேவையில்லை," என்றாள். "அங்க படிக்கிறதுகள் கனபேர் பெரிய காசுக்காரரின்ரை பிள்ளையள். இப்ப எல்லாவிதக் குடும்பத்திலயும் இருந்து ஆக்களை எடுக்கப் பாக்கினம். வசதியில்லாட்டி முழுச் செலவும் அவையே குடுப்பினம்."

"அப்ப அவைக்குக் கலவன் மீன் வேணுமாக்கும்."

"என்ன?"

"எல்லாம் பாரையா இருந்தா குழம்பு ருசிக்காது. இடையில ரெண்டு மலிவுக் காரலும் கிடக்கவேணும்."

"அப்ப நான் காரலோ?"

"காரல் நான். நீ காரலின்ரை மகள்."

சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் மனத்துக்குள் ஒரு கேள்வி. எங்கள் கோயில் பெருநாளுக்கும் நாலைந்து வள்ளம் வைத்திருக்கிற பெரிய சம்மாட்டிமார் காசு போடுவார்கள், முழு ஊரும் சாப்பிடும். பந்தலின் வாசலில் நின்று, "உனக்குப் பசிக்குது எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தப் பல்கலைக்கழகம் கேட்கும். அதுவும் ஆள் அனுப்பிக் கேட்கும்.

கணினியில் நடந்த நேர்முகத்தில் மகள் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றுதான். அங்கே முன்பு படித்த ஒரு கொழும்புப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு நேரில் வந்து நிலைமையைப் பார்ப்பார். இவர்களால் கட்ட முடியாது என்று அவர் சொன்னால் மகள் போவாள். இவர்களிடம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டால் எல்லாம் முடிந்தது. இவ்வளவையும் மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். என் காதில் விழுந்ததோ "கொழும்பிலிருந்து ஒரு ஆள் வருகிறா" என்கிற பாதி மட்டும்தான்.

ஆள் வருகிறது என்றால் எங்களுக்குத் தெரிந்த ஆயத்தம் ஒன்றுதான். மகள் மன்னார் ரவுனுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போன நேரம் நானும் மனைவியும் தெருவை அள்ளினோம். செற்றி வந்தது. கண்ணாடிக் கிளாஸ் வந்தது. மூலை வீட்டிலிருந்து பின்னல் மேசை விரிப்பு வந்தது. ஏன், எதற்கு என்று நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாத ஊர் இது. கைக்கு வராத காரியத்தை வாயால் சொன்னால் நாவூறு பட்டுவிடும். மச்சாளும் கேட்கவில்லை. என் மகள் போன வாசலை ஒரு தரம் பார்த்தார், செற்றியை ஒரு தரம் பார்த்தார், சிரித்துக்கொண்டு, "நல்லதா நடக்கட்டும்," என்றார்.

மகள் திரும்பி வந்தபோது நான் செற்றியின் நடுவில் கால்மேல் கால் போட்டு, ஒரு கப்பல் கொம்பனி முதலாளி மாதிரி இருந்து பழகிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது என்ன?"

"ஆக்கள் வருகினமெல்லே."

"ஐயோ அப்பா! அவ வாறதே எங்களிட்ட ஒண்டும் இல்லை எண்டதைப் பாக்க!"

என் கால் தானாகக் கீழே இறங்கியது. பதற்றம் வந்தால் எனக்கு நடுவழி தெரியாது. வள்ளம் ஒரு பக்கம் சரிந்தால் நான் மற்றப் பக்கத்துக்குப் பாய்கிற ஆள். அதனால் என்னை ஒருவரும் இப்போது வள்ளத்தில் எழுந்து நிற்க விடுவதில்லை.

செற்றியைத் திருப்பி அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் சொந்த ரீவியையும் அனுப்பினேன். பிரிட்ஜையும் அனுப்பினேன். அது பழைய பிரிட்ஜ், மூடும்போது ஒரு உதை, திறக்கும்போது ஒரு உதை என்று கேட்கிற சாதி. ஆனாலும் பிரிட்ஜ் பிரிட்ஜ்தானே. காற்றாடி போனது. சுவர் மணிக்கூடு போனது. எல்லாம் மச்சாள் வீட்டு அறைக்குள். நல்ல சேட்டைக் கழற்றி, வலை கட்டும்போது உடுக்கிற கிழிந்த சாரத்தை எடுத்து வைத்தேன். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எரிகிற சின்னச் சிவப்பு மின்குமிழில் என் கண் விழுந்தது.

"கையை எடுங்கோ," என்றாள் மனைவி. "ஆண்டவரின்ரை கறண்டையும் வெட்டப் போறியளோ?"

"மெழுகுதிரி வைச்சா இன்னும் உருக்கமா இருக்கும்."

"நீங்கள் உருகினாக் காணும்."

தெருவில் திரிந்த கழுதை ஒன்றைப் பிடித்து முற்றத்தில் கட்டினால் வறுமைக்கு இன்னும் களை வரும் என்றும் ஒரு யோசனை சொன்னேன். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, இரண்டுக்குத் தீனி போட முடியாது என்று பதில் வந்தது. நாளைக்குப் பழைய சீலையை உடு என்று கேட்டதற்கு, "இல்லாதவை எண்டா ஊத்தையா இருக்கவேணுமெண்டு எந்த வேதத்தில கிடக்கு?" என்றாள். அவள் உடுத்தது கோயிலுக்கு உடுக்கும் சீலை. மகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குசினிப் படியில் இருந்தாள். "இருக்கிறதை இருக்கிற மாதிரி விடுங்கோ அப்பா," என்று ஒரு தரம் சொன்னாள். அது எனக்கு ஒரு வழியாகவே தெரியவில்லை. ஆள் வரும்போது இருக்கிறபடியே இருப்பது என்பதை எங்கள் தெருவில் ஒருவரும் செய்து நான் பார்த்ததில்லை.

மச்சாளின் மனத்தில் என்ன ஓடியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏ.எல். முடித்த பெண்பிள்ளை இருக்கிற வீடு செற்றி வாங்கினால் அது மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான். சரி. அன்றைக்கே செற்றியைத் திருப்பி அனுப்பி, தன் ரீவியையும் பிரிட்ஜையும் ஒளித்து வைத்தால்? அதற்கும் காரணம் ஒன்றுதான். வருகிறவர்கள் பெரிதாகச் சீதனம் கேட்டுவிடுவார்கள் என்று இந்தக் கஞ்சன் இல்லாத மாதிரி நடிக்கிறான். பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பப் போகிறான். பெரியம்மா நான் இருக்க விடுவேனா? இப்படி யோசித்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

கொழும்பு அம்மா காலையில் காரில் வந்தார். எங்கள் தெருக் கழுதைகள் பாதை நடுவில் நின்றதால் கார் மச்சாளின் படலைக்கு முன்னால் நின்றுவிட்டது. நல்ல வயது, நரைத்த கொண்டை, பருத்திச் சீலை. இறங்கி மச்சாளிடம் வழி கேட்டார். நான் யன்னலின் பின்னால் கிழிந்த சாரத்தோடு நின்று பார்த்தேன். வழி கேட்க அவ்வளவு நேரம் எடுக்காது. இருவரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். மச்சாள் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். அப்பாடா, எங்கள் கஷ்டம் இவ்வளவு பெரிது என்று காட்டுகிறா என்று நினைத்தேன். என்ன இருந்தாலும் சொந்தம் சொந்தம்தான் என்று கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

வந்தவரை மனைவி உள்ளே கூட்டி வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினாள். நான் என் முகத்தை வாட வைத்துக்கொண்டு வந்தேன். அவர் சுற்றிப் பார்த்தார். சுவரில் ரீவி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நல்ல நீள்சதுரமாக, புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி மின்னியது. அதை நான் யோசிக்கவில்லை.

"இதில் என்ன இருந்தது அண்ணன்?"

"ஈரம் மிஸ். மழைக்கு ஊறினது."

"ஈரத்துக்கு வயரும் குடுத்திருக்கிறீங்களா?"

வயர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை முதன்முதலாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். அவர் கண் மெல்லத் தரைக்கு இறங்கியது. பிரிட்ஜின் நாலு காலும் நின்ற அடையாளம் சீமெந்தில் நன்றாகத் தெரிந்தது. அவர் அதைக் காலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்கு மூன்று வள்ளம் இருக்கிறதாமே," என்றார்.

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வீட்டில். பாப்பாமோட்டையில் வயலும் இருக்கிறதாம். கனடாவில் இருந்து மாதாமாதம் காசு வருகிறதாம். மகளுக்கென்று காணி வாங்கி, வீடு கட்ட அத்திவாரமும் போட்டாச்சாம்."

மச்சாள் விரித்த கை வள்ளத்தின் நீளமாக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் வழக்கம் அது. கலியாணத்துக்கு விசாரிக்கிறவர்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன் அயலில்தான் விசாரிப்பார்கள். அயல் ஒருநாளும் அயலைக் கீழே விடாது. மாதம் முழுக்கக் கோழிக்காகவும் வேலிக்காகவும் சண்டை பிடித்தவள்கூட, வெளியாள் வந்து கேட்டால், அந்த வீட்டுக்கு ஒரு மாடி கட்டிக் கொடுத்துத்தான் விடுவாள். இந்த அம்மா கேட்டதும் அதே கேள்விகள்தான்: தகப்பன் என்ன தொழில், வீடு சொந்தமோ, வள்ளம் யாருடையது, பிள்ளை எப்படி.

மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தம் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் விளக்குக்குக் கீழே குனிந்திருந்த குனிவெல்லாம் அந்த வெள்ளைச் சதுரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கப் பணக்காரனுக்குத் தெரியாத பகிடி ஒன்றை நான் செய்துவிட்டேன்: இல்லாதவன் ஒருவன் இல்லாதவனாக நடித்து, இருக்கிறவன் என்று பிடிபட்டான்.

அந்த நேரம் பார்த்துக் குசினிப் பக்கத்தில் ஒரு இடி. "மெல்ல, மெல்ல, காலைத் தூக்குங்கோ," என்று மச்சாளின் குரல். பின்வாசலால் கருஞ்சிவப்பு வெல்வெட் நுழைந்தது. முன்னால் சகலன், அதாவது மச்சாளின் புருசன், மூச்சு வாங்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தார். பின்னால் மச்சாள். அவரின் தோளில் மூலை வீட்டு மேசை விரிப்பு. நிலையில் அடிபட்டு செற்றியின் ஒரு கால் முறிந்தது.

"மிஸ் அதில இருக்காதையுங்கோ, இதில வாங்கோ," என்றார் மச்சாள். "இது இவையின்ரை செற்றிதான். வெயிலுக்குக் காய வைச்சது." என் காதில் குனிந்து, "கஞ்சப் பிசினாரி, உன்ரை சீதனக் கணக்கால பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுக்காதை," என்றார்.

கொழும்பு அம்மா எழுந்து நின்றார். முறிந்த காலோடு சாய்ந்து நின்ற செற்றியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது யாருடையது?"

என் வாய் திறந்தது. எந்தப் பொய்யைச் சொல்வது என்று அதற்கே தெரியவில்லை. எங்களுடையது என்றால் பணக்காரன். இல்லை என்றால் மச்சாள் பொய்க்காரி. ஒரு சத்தமும் வராமல் மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் அது தானாக மூடியது அன்றைக்குத்தான்.

மகள்தான் எழுந்தாள்.

"பெரியம்மா, இவ கலியாணத்துக்கு வரேல்லை. என்ரை படிப்புக்கு வந்தவ. எங்களால காசு கட்ட ஏலாது எண்டு கண்டாத்தான் எனக்கு இடம் கிடைக்கும்."

மச்சாள் செற்றியின் சுருளைப் பிடித்துக்கொண்டார். "ஏலாது எண்டோ? அதை வெளியாலை சொல்லுவினமே?"

"சொல்லவேணும் பெரியம்மா."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

மச்சாள் தோளிலிருந்த விரிப்பை எடுத்துச் செற்றியில் போட்டார். பிறகு கொழும்பு அம்மாவின் பக்கம் திரும்பி, எங்களை ஏற்றி வைத்த அதே உற்சாகத்தோடு இறக்கத் தொடங்கினார்.

"மூண்டு வள்ளம் இல்லை மிஸ். ஒண்டு. அதிலயும் பாதி எங்கடை. இஞ்சின் நண்டுக் கொம்பனியின்ரை, அவனுக்குத்தான் நண்டு குடுக்கவேணும், அவன் சொன்ன விலைதான் விலை. வயல் இவரின்ரை சித்தப்பாவின்ரை, அந்தாள் கதைக்கிறதே இல்லை. கனடாக் காசு எனக்கு வாறது, என்ரை மகன் அனுப்பிறது, அதுவும் நினைச்சாத்தான். அத்திவாரம் போட்டது மெய், அதில இப்ப ஆடு படுக்குது. இவரை நம்பி ஒருத்தன் கடலுக்குப் போகமாட்டான் மிஸ். நீந்தவும் தெரியாது."

"அது தேவையோ மச்சாள்?"

"எல்லாத்தையும் சொல்லச் சொன்னவள்தானே!"

கொழும்பு அம்மா சிரிக்கத் தொடங்கினார். முதலில் கையால் வாயை மறைத்துக்கொண்டு, பிறகு மறைக்காமல். அந்தச் சிரிப்போடு, மூன்று கால் செற்றியின் நல்ல பக்கமாகப் பார்த்து இருந்தார். என் மூலை அது. மணத்திருக்கும்.

"அந்தப் பிரிட்ஜைக் கொண்டு வந்து வையுங்கள்," என்றார். "அதுக்குள்ள குளிர்ந்த தண்ணி இருந்தால் எனக்கு ஒரு கிளாஸ்."

நானும் சகலனும் பிரிட்ஜைக் காவி வந்தோம். அதன் இரண்டு உதையையும் அதற்குக் கொடுத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "கொழும்பில் இந்த வேலைக்குப் போனால் காரை ஒளித்து வைப்பார்கள் அண்ணன். நீங்கள் பிரிட்ஜ். பரவாயில்லை. பிரிட்ஜ் இருக்கிற வீட்டாலயும் அந்தக் காசு கட்ட ஏலாது."

பின்பு கரைக்கும் வந்தார். எங்கள் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். "மற்ற இரண்டும்?"

"அது மச்சாளின்ரை வாயில கட்டிக் கிடக்கு மிஸ்."

மகளிடம் அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "அங்கே போனால் எல்லாரும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். நான் முதல் வருடம் முழுக்க, அப்பா கப்பல் துறையில் இருக்கிறார் என்று சொல்லித் திரிந்தேன். அவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக். நீ என்ன சொல்வாய்?"

மகள் என்னைப் பார்த்தாள். கிழிந்த சாரம் காற்றுக்குப் படபடத்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நண்டுக்காரர் எண்டு சொல்லுவன். நம்பாட்டி செற்றிக் கதையைச் சொல்லுவன்."

முழுச் செலவோடும் இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று மகள் முற்றத்தில் நின்று கத்திய கத்தலில் கழுதைகள் ஓடின. மனைவி இருதய ஆண்டவரின் குமிழை ஒரு தரம் துடைத்துவிட்டு, அதன் கீழேயே இருந்து அழுதாள். நான் பகிடி ஒன்று சொல்லப் பார்த்தேன், வரவில்லை. மச்சாள் தெரு முழுக்க ஒரே கதை: "நான் உள்ளதைச் சொன்னபடியாத்தான் சரிவந்தது." அதற்கு முன் அவர் சொன்ன இல்லாததைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, என்னைத் தவிர.

எங்கள் தெருவில் நல்ல பயணப் பெட்டியும் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மச்சாளுடையது, கனடாவிலிருந்து மகன் கொண்டுவந்தது. சில்லுகள் நாலும் ஓடும். புறப்படுவதற்கு முதல் நாள் அதை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் நிறுத்தினார்.

"இது இரவல்," என்றார் மகளிடம். "சட்டம் தெரியும்தானே? வெறும் பெட்டியாத் திருப்பித் தரப்படாது."

"என்ன கொண்டுவர பெரியம்மா?"

"ஒரு மாப்பிள்ளையைக் கொண்டு வா. வெள்ளைக்காரன் எண்டாலும் பரவாயில்லை, வேதக்காரனா, கோயிலுக்குப் போறவனா இருந்தாக் காணும்."

மகள் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். எனக்கு உடனே செற்றி ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் வந்தால் எங்கே இருப்பான்? முறிந்த காலுக்குக் கீழே இன்னும் செங்கல்தான். நான் வீட்டுக்குள் போய்ச் சுத்தியலைத் தேடத் தொடங்கினேன்.

"இப்ப எங்க போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

போகிறவனைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சுத்தியலோடு மச்சாள் வீட்டுப் பக்கம் நடந்தேன்.